மருதோண்டிக் கையோடு ஒரு கேர்னல் மாற்றம்

ராத்தாவை நினைக்கும்போது முகத்தைவிட முதலில் அவருடைய கைகள்தான் எனக்கு நினைவுக்கு வருகின்றன. முழங்கைக்குக் கீழே இரண்டு கைகளிலும் பச்சை மருதோண்டி விழுது அப்பியிருந்தது. விரல்களை விரித்து, உள்ளங்கைகளை மேலே திருப்பி, மடியில் போட்ட பழைய துவாயின்மேல் வைத்துக்கொண்டு, எங்கள் தகவல் நிலையத்தின் சேவர் கணினிக்கு முன்னால் பிளாஸ்டிக் கதிரையில் அவர் உட்கார்ந்திருந்தார். மறுநாள் அவருக்குக் கலியாணம். விசைப்பலகையைத் தொட முடியாது. திரையில் ஒவ்வொரு கேள்வியாக வந்தது. அவர் வாசித்து, யோசித்து, பதிலைச் சொன்னார். பக்கத்தில் இருந்த நான் அடித்தேன்.

"எம் அடிங்க தம்பி" என்றார். அடித்தேன். "நீங்க அடிச்சது என். நான் சொன்னது எம்." இரண்டாவது தடவையும் அப்படியே தவறியது. ராத்தா கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, மாங்காய் எண்டா எம். நண்டு எண்டா என். யானை எண்டா வை. இனிப் பிழைக்காது" என்றார். அதன்பிறகு அந்த அறையில் யானையும் மாங்காயும் நண்டும் மட்டுமே கேட்டன. விழுது காயட்டும் என்று பின்னால் நின்று மட்டையால் விசிறிக்கொண்டிருந்த அவருடைய சாச்சி, அதாவது சின்னம்மா, கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் மெல்லக் கேட்டார்: "தம்பி, நாளைக்கு நிக்காஹ் வெச்சிரிக்கிற பொண்ணு இஞ்ச வந்து சந்தைக்குச் சாமான் சொல்ற மாதிரிச் சொல்றாவே, புள்ளைக்கு ஒண்டும் இல்லையே?"

அந்தப் பிற்பகல் எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டுமானால், சுனாமிக்கு அடுத்த மாதங்களிலிருந்து தொடங்க வேண்டும்.

மட்டக்களப்புக்கு அருகே, முஸ்லிம் ஊரான காத்தான்குடியின் வாவிப் பக்கத்து ஓரத்தில், ஒரு வீட்டின் மேல்மாடியை வாடகைக்கு எடுத்து, வெளிநாட்டிலிருந்து வந்த உதவி நிறுவனம் ஒன்று அந்த நிலையத்தைத் தொடங்கியது. கடற்கரையில் வீடிழந்த குடும்பங்கள் எந்த முகாமில், எந்தக் கூடாரத்தில் இருக்கின்றன என்று பட்டியலிடுவதுதான் முதல் வேலை. நான் குருக்கள்மடத்துக்காரன். கணினியில் டிப்ளோமா முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவனுக்கு அங்கே தொழில்நுட்ப உதவியாளர் பதவி கிடைத்தது. போகும் வழியில் சென்றிகள், இராணுவச் சோதனைச் சாவடிகள், இருந்தன. அந்தக் காலத்தில் தமிழ்ப் பையன் ஒருவன் காத்தான்குடிக்குத் தினமும் வேலைக்குப் போய் வருவதை எங்கள் ஊரிலும் அந்த ஊரிலும் சிலர் ஒருமாதிரித்தான் பார்த்தார்கள். அம்மா காலையில் வாசல்வரை வருவார். "பின்னேரம் கெதியா வந்திரு மனே" என்பார். நான் சைக்கிளைத் தெரு முனையில் திருப்பும்வரை உள்ளே போகமாட்டார்.

நிலையத்தில் பெயர்களைக் கணினியில் ஏற்றும் வேலைக்கு வந்தவர்தான் ராத்தா. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். உயர்தரத்தில் கலைப்பிரிவு படித்து, தட்டெழுத்து வகுப்புக்கும் போயிருந்தார். தாய் அவருடைய சிறுவயதிலேயே இறந்துவிட்டார். தகப்பனுக்குக் கடற்கரை வீதியில் ஒரு சிறிய கடை இருந்தது. சுனாமி வந்த காலையில் கடையைத் திறக்கப் போனவர் திரும்பவில்லை. ஒரே ஒரு காக்கா, மூத்த சகோதரன், சுனாமிக்கு மூன்று மாதம் முன்புதான் சவூதிக்கு வேலைக்குப் போயிருந்தார். கடவுச்சீட்டு முதலாளியின் கையில் இருந்ததால் தகப்பனின் ஜனாஸா அடக்கத்துக்குக்கூட அவரால் வர முடியவில்லை. ராத்தா தகப்பனின் தம்பி வீட்டில், சாச்சாவோடும் சாச்சியோடும் இருந்தார். இதையெல்லாம் அவர் எனக்கு ஒரே மூச்சில் சொன்னதில்லை. ஐந்து ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டது.

ராத்தா என்றால் அக்கா. முகாமிலிருந்து வரும் பெண்களும் அவரை ராத்தா என்றார்கள், நிறுவனத்து அதிகாரிகளும் ராத்தா என்றார்கள், வயதில் மூத்த சாரதியும் அப்படித்தான் கூப்பிட்டார். யாருக்கு என்ன வேண்டுமானாலும் முதலில் அவருடைய மேசைக்குத்தான் வருவார்கள். அவர் ஒருபோதும் அவசரப்பட்டதில்லை. தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "இருங்க, ஒண்டொண்டாப் பாப்பம்" என்பார்.

ஒரு சம்பவம் நினைவிருக்கிறது. கூடாரங்களிலிருந்து குடும்பங்களைத் தற்காலிக வீடுகளுக்கு மாற்றினார்கள். புது இடத்துக்குப் புது அட்டை, புது இலக்கம். நான் புதிய பட்டியலை அச்சிட்டு, மொத்தம் சரியாக வருகிறது என்று ஒப்பமிட்டுக் கொடுத்துவிட்டேன். ராத்தா அதை அப்படியே வாங்கி வைக்கவில்லை. பழைய பட்டியலை எடுத்துப் பக்கத்தில் வைத்து, அடிமட்டக் கோலைப் பிடித்துக்கொண்டு வரிவரியாகப் பார்த்தார். ஒரு மீனவக் குடும்பத்தில் தகப்பனின் பெயர் புது இலக்கத்தோடு இருந்தது. மனைவியும் நான்கு பிள்ளைகளும் இல்லை. அவர்கள் பழைய இலக்கத்தின்கீழ் பதியப்பட்டிருந்தவர்கள். அந்த இலக்கம் ஒழிந்ததும் அவர்களும் சத்தமில்லாமல் ஒழிந்துவிட்டார்கள். வேறு ஐந்து புதிய ஆட்கள் சேர்ந்திருந்ததால் மொத்தம் மட்டும் சரியாக வந்திருந்தது. அந்தப் பட்டியலை வைத்துத்தான் அடுத்த நாள் உலர் உணவு கொடுக்கப்போகிறார்கள். "ஆரும் இவங்கள வேணாம் எண்டு வெட்டல்ல தம்பி. இவங்க ஆர நம்பி நிண்டாங்களோ அவருக்கு இலக்கம் மாறிட்டு, அவ்வளவுதான்" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அதிலிருந்து எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்பது நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு தெரிந்தது.

அந்த நிறுவனத்தில் வெள்ளைக்காரப் பொறியியலாளர் ஒருவர் இருந்தார். கப்பலில் வந்த பழைய கணினிகள் பத்தை ஒன்றோடொன்று வயரால் இணைத்து, நடுவில் ஒன்றைச் சேவராக்கி, அதன் ஊடாக ஒரே தொலைபேசி இணைய இணைப்பை எல்லாக் கணினிகளுக்கும் பங்கிட்டுக் கொடுத்தவர் அவர்தான். அந்தச் சேவருக்கு நினைவகம் மிகக் குறைவு. அதனால் அதன் கேர்னலை அவரே கையால் கட்டினார். கணினி எழும்பும்போது முதலில் விழித்துக்கொள்ளும் பகுதி கேர்னல். வட்டு, திரை, வயர் எதுவானாலும் அதோடு பேசுவது கேர்னல்தான். அதைக் கட்டும்போது அது ஆயிரக்கணக்கான கேள்விகளைக் கேட்கும். இந்த வசதி வேண்டுமா, வேண்டாமா, அல்லது தேவைப்படும் நேரத்தில் மட்டும் எடுத்துக்கொள்ளும்படி ஒதுக்கி வைக்கவா என்று. வை, என், எம் என்ற மூன்று எழுத்துகளில் ஒன்றால் பதில் சொல்ல வேண்டும். பதில்கள் எல்லாம் ஒரு கோப்பில் சேரும்.

அவர் அந்த வேலையைச் செய்த நான்கைந்து நாட்களும் ராத்தா இடைவேளைகளில் போய்ப் பக்கத்தில் நின்றார். பாதி ஆங்கிலத்திலும் பாதி கையசைவிலும் கேள்வி கேட்டார். இது என்ன செய்யும், இது எதை நம்பி நிற்கிறது, அதை எடுத்துவிட்டால் வேறு எதெல்லாம் போகும் என்று கேட்டு ஒரு கொப்பியில் தமிழில் எழுதிக்கொண்டார். டிப்ளோமா படித்தவன் என்ற நினைப்பில் நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். பதிலைக் கோப்பில் வைத்திருக்கிறோமே, கொப்பி எதற்கு என்று கேட்டேன். "கோப்புல பதில்தானே தம்பி இரிக்கி. ஏன் அந்தப் பதில் எண்டு இல்லையே" என்றார்.

நிறுவனம் போய்விட்டது. உள்ளூர்க் குழு ஒன்று நிலையத்தைப் பொறுப்பெடுத்தது. நானும் ராத்தாவும் மிஞ்சினோம். கிழக்கில் சண்டை ஓய்ந்தது. பிறகு நாடு முழுவதும் யுத்தம் முடிந்தது என்றார்கள். அந்த முடிவு எத்தனையோ வீடுகளில் எதையெல்லாம் எடுத்துக்கொண்டு போனது என்பதை நான் மறந்து எழுதவில்லை. ஆனாலும் எங்கள் பாதைகள் திறந்தது உண்மை. சென்றிகளில் நின்று பையைத் திறந்து காட்டும் வேலை மெல்ல மெல்லக் குறைந்தது. படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து ஆட்கள் எங்கள் நிலையத்துக்கு வரத் தொடங்கினார்கள். பரீட்சை முடிவு பார்க்க, கட்டாரில் இருக்கும் கணவனுக்குக் கடிதம் அனுப்ப, கனடாவில் இருக்கும் மகனின் படத்தை அச்செடுக்க என்று மாடிப்படியில் வரிசை நிற்கும். அம்மா வாசலுக்கு வருவதை நிறுத்திவிட்டு, அடுப்படியில் இருந்தபடியே "போயிற்று வா" என்று சொல்லப் பழகினார். ஒரு பெருநாளுக்கு ராத்தா எங்கள் வீட்டுக்கே வட்டிலப்பம் கொண்டுவந்தார். அம்மா பதிலுக்குப் பொங்கல் அனுப்பினார்.

அந்த ஆண்டுதான் ராத்தாவின் கலியாணம் முற்றாகி நாள் குறிக்கப்பட்டது. மாப்பிள்ளை கல்முனைப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிப்பவர், சாதுவான மனிதர். இரண்டு ஆண்டுகளாக வந்த பேச்சை ராத்தாதான் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார். காக்கா வரட்டும் என்றார். காக்காவுக்கு விடுமுறை கிடைக்கவில்லை, ஒப்பந்தம் நீண்டுகொண்டே போனது. கடைசியில் காக்காவே தொலைபேசியில் கோபித்துக்கொண்டார். தகப்பனின் இடத்தில் நின்று தங்கையைக் கொடுக்கும் பொறுப்பைச் சாச்சாவுக்கு எழுதி அனுப்பிவிட்டார். ஆனால் ஒரு ஆசையைச் சொன்னார். "நான் வரமாட்டன், பரவாயில்ல. ஆனா அத என்ட கண்ணால பாக்கோணும்." இதை எனக்குச் சொன்னது சாச்சா. ராத்தா பதினைந்து நாள் லீவு எழுதித் தந்துவிட்டுப் போனார்.

எங்கள் பழைய தொலைபேசி இணைப்பில் ஒரு நிழற்படம் வந்து சேரவே தேநீர் குடித்து முடிக்கலாம். அசையும் படத்தைப் பற்றி நினைக்கவே முடியாது. ஆனால் அப்போது மட்டக்களப்பில் புதிய வேகமான தொலைபேசிக் கோபுரங்கள் வந்திருந்தன. விரல் நீளத்தில் ஒரு டொங்கிள், கணினியில் செருகினால் போதும், படமும் குரலும் ஓடும். சாச்சாவின் வீடு நிலையத்துக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தது. அங்கே, மரங்களுக்கு நடுவே, சிக்னல் இல்லை. எங்கள் மேல்மாடியின் வாவிப் பக்க ஜன்னலில் நன்றாகக் கிடைத்தது. டொங்கிளை மாடியில் சேவரில் செருகி, இரண்டு மதிலுக்கு மேலால் ஒரு வயரை இழுத்து, கலியாண வீட்டில் ஒரு கணினியையும் கமராவையும் வைத்தால் காக்கா சவூதியிலிருந்து முழுவதையும் பார்க்கலாம். ராத்தாவுக்குச் சொல்லாமல் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். அவருக்கு நான் கொடுக்கப்போகும் பரிசு அதுதான்.

சேவருக்கு டொங்கிளை அடையாளம் தெரியவில்லை. நான்கு ஆண்டு பழைய கேர்னல், அது பிறந்தபோது இந்தச் சாமான் உலகத்திலேயே இல்லை. புதிய கேர்னலின் மூல நிரலை மட்டக்களப்பில் ஒரு நண்பனிடமிருந்து இறுவட்டில் வாங்கிவந்தேன். பழைய பதில் கோப்பை அதற்குக் கொடுத்தால், தெரிந்த கேள்விகளுக்கு அந்தப் பதில்களையே எடுத்துக்கொண்டு, புதிய கேள்விகளை மட்டும் கேட்கும். நூற்றுக்கணக்கில் கேட்டது. முதல் பத்தை வாசித்தேன். அதன்பிறகு என்ரர் விசையை மட்டும் தட்டிக்கொண்டு போனேன், இயல்பாக என்ன பதிலோ அது இருக்கட்டும் என்று. டொங்கிள் சம்பந்தப்பட்டதை மட்டும் தேடிப் பிடித்து ஆம் என்றேன். பழைய கேர்னலை அழிக்காமல் பக்கத்தில் வைத்ததுகூட என் புத்தியால் அல்ல. முன்பொருமுறை ராத்தா அப்படிச் சொல்லியிருந்தார்.

புதிய கேர்னல் எழும்பியது. டொங்கிளில் நீலவிளக்கு எரிந்தது. சேவரில் ஒரு பக்கத்தைத் திறந்தேன், கண் இமைப்பதற்குள் வந்தது. நான் தனியாக அந்த அறையில் ஒரு சுற்று ஆடினேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்ளலாம். அது புதன்கிழமை. வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ்.

வியாழன் காலை சாச்சாவும் நானும் மதில்களுக்கு மேலால் வயரை இழுத்தோம். கலியாண வீட்டு முன்மண்டபத்தில் கணினியை வைத்துத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. மாடிக்கு ஓடினேன், சேவரில் இணையம் இருந்தது. நிலையத்தின் மற்றக் கணினிகளைப் பார்த்தேன், ஒன்றிலும் இல்லை. சேவருக்கு மட்டும் கதவு திறந்திருந்தது, அதன் ஊடாக வேறு யாரையும் அது விடவில்லை. வயரை மாற்றினேன். எழுதி வைத்த கட்டளைகளைத் திரும்பத் திரும்பக் கொடுத்தேன். இப்படி ஒரு வசதியே என்னிடம் இல்லை என்று கணினி சொன்னது. பழைய கேர்னலுக்குத் திரும்பினால் பங்கிடும், ஆனால் டொங்கிளைத் தெரியாது. புதியதில் டொங்கிளைத் தெரியும், ஆனால் பங்கிடத் தெரியாது. காக்காவுக்கு நாளை படம் வரும் என்று சாச்சா சொல்லிவிட்டிருந்தார். காக்கா தான் தங்கியிருக்கும் தொழிலாளர் முகாமில் யாரோ ஒருவரின் மடிக்கணினியையும் ஒழுங்குசெய்துவிட்டார்.

மதியம் கலியாண வீட்டில் மூன்றாவது தடவையாக வயரைப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்தபோது, உள் அறைத் திரைக்குப் பின்னால் மருதோண்டி போட்டுக்கொண்டிருந்த ராத்தா என் முகத்தைப் பார்த்திருக்கிறார். நான் மாடிக்குத் திரும்பிய கொஞ்ச நேரத்தில் படியில் காலடிச் சத்தம். முன்னால் ராத்தா, கைகளை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்தபடி. பின்னால் துவாயோடும் மட்டையோடும் சாச்சி.

நடந்ததைச் சொன்னேன். ரகசியமாகச் செய்ய நினைத்ததையும் சொன்னேன். ராத்தா திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்ன பிழை என்று கேட்கவில்லை. "எதெல்லாம் காணாமப் போயிரிக்கி எண்டு பாத்தீங்களா?" என்று கேட்டார்.

பார்க்கவில்லை. என்ன புதிதாக வந்திருக்கிறது என்றுதான் பார்த்திருந்தேன்.

இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தோம். பழையதில் இருந்து புதியதில் இல்லாத வரிகள் முப்பதுக்கு மேல் வந்தன. பெரும்பாலானவை எங்களுக்குத் தேவையில்லாதவை. நடுவில் ஓரிடத்தில் ஏழெட்டு வரிகள் கூட்டமாகக் காணாமல் போயிருந்தன. இணைப்பைப் பங்கிடும் வசதி அவற்றில் ஒன்று.

"இத வேணாம் எண்டு சொன்னீங்களா?"

"இல்ல ராத்தா. இதப் பற்றி அது கேக்கவே இல்ல."

"கேக்காட்டி, இது நம்பி நிண்ட ஆள் அங்க இல்ல எண்டு அர்த்தம். அந்த ஆளத் தேடுங்க."

சாச்சி போய்க் கொப்பியை எடுத்துவந்து, ராத்தா சொன்ன பக்கத்தைத் திறந்து பிடித்தார். நான்கு ஆண்டு முந்திய மையில், உருண்டையான எழுத்தில் இருந்தது: 'எந்தச் செய்தி எந்தக் கணினியில் இருந்து போனது என்று ஞாபகம் வைப்பது. இது இருந்தால்தான் பங்கிடலாம்.' பக்கத்தில் அதன் ஆங்கிலப் பெயர். அந்தப் பெயரைப் புதிய கேர்னலில் தேடினேன், இல்லை. அந்தப் பகுதியைப் புதிதாக எழுதி, வேறு பெயர் வைத்திருந்தார்கள். வேறு பெயர் என்பதால் எங்கள் பழைய 'ஆம்' அதற்குப் போய்ச் சேரவில்லை. புதிய பெயரில் அது என்னிடம் கேட்டிருக்கிறது. நான் என்ரரைத் தட்டியிருக்கிறேன். இயல்பான பதில் 'வேண்டாம்'. அது வேண்டாம் என்றானதும் அதை நம்பியிருந்த எல்லாவற்றையும் கேள்விகூடக் கேட்காமல் கேர்னல் விட்டுவிட்டது.

ராத்தா என்னைப் பார்த்தார். எனக்கு உடனே அந்த மீனவக் குடும்பம் நினைவுக்கு வந்தது. அவருக்கும் வந்திருக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். "இஞ்ச தகப்பன்ட பேரே மாறிட்டு" என்றார்.

பிறகுதான் யானையும் மாங்காயும். புதிய பெயருக்கு ஆம் என்றதும், அதுவரை மறைந்திருந்த கேள்விகள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. ராத்தா ஒன்றையும் பாய்ந்து கடக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் அது எதை நம்பி நிற்கிறது என்று என்னைத் திறந்து காட்டச் சொன்னார். நான் முதல்நாள் தட்டிவிட்டுப் போன மற்றக் கேள்விகளையும் திரும்பப் பார்த்தோம். இன்னொரு இடத்திலும் ஒரு பெயர் மாற்றம் அகப்பட்டது. அது நிலையத்து அச்சுப்பொறிக்குரியது, கவனிக்காமல் விட்டிருந்தால் திங்கட்கிழமை அச்செடுக்க முடியாமல் பரீட்சை முடிவுக்காரர்கள் வந்து நின்றிருப்பார்கள்.

மூன்று மணிக்குக் கட்டத் தொடங்கினோம். அந்தப் பழைய கணினிக்கு அது மூன்று மணி நேர வேலை. நான்கரைக்குக் கரண்ட் போனது. திரை அணைந்தது, காற்றாடி ஓய்ந்தது. நான் தலையில் கை வைத்துக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். சாச்சி யாரையோ திட்டினார். ராத்தா ஜன்னலால் வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் விழுது காய்ந்து உதிரத் தொடங்கியிருந்தது, உள்ளே நல்ல சிவப்பு. "சிவந்திட்டு" என்றார், தன் கைகளைப் பார்த்து, கொஞ்சம் ஆச்சரியமாக. அன்றைக்கு முழுவதும் அவர் மணப்பெண்போல் பேசிய ஒரே வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன். "கட்டினது கட்டினபடி வட்டுல இரிக்கும் தம்பி. விட்ட இடத்தில இருந்து போகும். வெள்ளக்காரர் சொன்னவர்" என்றார். பிறகு சாச்சி அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டார், வீட்டில் ஆட்கள் தேடுவார்கள் என்று.

அரை மணி நேரத்தில் கரண்ட் வந்தது. அவர் சொன்னபடியே விட்ட இடத்திலிருந்து போனது. மாலைத் தொழுகைக்கான மஃரிபு பாங்கு சொல்லி முடிந்த சிறிது நேரத்தில் புதிய கேர்னல் எழும்பியது. டொங்கிளில் நீலவிளக்கு. நான் கீழே ஓடவில்லை, பயமாக இருந்தது. சாச்சாவின் கைத்தொலைபேசிக்கு எடுத்து, கணினியில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். அவருக்குத் தெரியாது. பக்கத்தில் ராத்தாவின் குரல் எதை அழுத்த வேண்டும் என்று சொல்வது கேட்டது. பிறகு சாச்சா, "வந்திட்டு தம்பி. நீங்க வாங்க, வந்து சாப்பிடுங்க" என்றார்.

இன்று நான் கொழும்பில் வேலை செய்கிறேன். கேர்னல் மாற்றம் என்பது இப்போது எங்களுக்கு ஒரு பொத்தானும் ஒரு தேநீர் இடைவேளையும்தான். காத்தான்குடியில் யாரும் வயர் இழுப்பதில்லை, ஒவ்வொருவரின் சட்டைப் பையிலும் கமரா இருக்கிறது. நிலையம் மூடிப் பல காலம். ராத்தா ஒரு பாடசாலையில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறார். மூன்று பிள்ளைகள். காக்கா ஊருக்கே திரும்பி வந்து, கடற்கரை வீதியில் தகப்பனின் கடை இருந்த இடத்திலேயே ஒரு கடை போட்டிருக்கிறார். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என்னைக் கண்டால் விடமாட்டார். "என்ட தங்கச்சிட கலியாணத்த எனக்குக் காட்டின ஆள்" என்றுதான் வாடிக்கையாளர்களுக்கு அறிமுகப்படுத்துவார். காட்டியது நானல்ல என்று ஒவ்வொரு தடவையும் சொல்வேன். அவர் கேட்பதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை முன்மண்டபம் நிறைய ஆண்கள். மாப்பிள்ளை வெள்ளைத் தொப்பியோடு பாயில் உட்கார்ந்திருந்தார். மூலையில் மேசைமேல் பெரிய குண்டுத் திரை. சரியான நேரத்துக்குக் காக்கா வந்தார். வேலைக்களத்து நீலச்சட்டை, ஆனால் தலையைப் படிய வாரியிருந்தார். அவருக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் நெருக்கியடித்து நின்றார்கள், எல்லோரும் அவரோடு தங்கியிருப்பவர்கள். யாருக்கோ நடக்கும் கலியாணத்துக்கு அத்தனை பேரும் குளித்துச் சட்டை மாற்றி வந்திருந்தார்கள். சாச்சா மாப்பிள்ளையின் கையைப் பிடித்துச் சொல்ல வேண்டியதைச் சொன்னார், மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டார். துஆ ஓதும்போது மண்டபத்தில் விரிந்த கைகளோடு திரையிலும் கைகள் விரிந்தன. படம் இரண்டு தடவை நின்று நின்று வந்தது. நான் மனதுக்குள் எங்கள் ஊர்ப் பிள்ளையாரையும் துணைக்குக் கூப்பிட்டேன்.

எல்லாம் முடிந்ததும் காக்கா கேட்டார், "பொண்ணு எங்க?"

மணப்பெண் உள் அறையில், பெண்களுக்கு நடுவில். வயர் மண்டபத்தோடு முடிந்துவிட்டது. ராத்தா அதுவரை ஒன்றையும் பார்க்கவில்லை. அவர் கட்டிய பாதையில் வந்த படத்தை அவரைத் தவிர எல்லோரும் பார்த்திருந்தார்கள். நான் அதை யோசிக்கவே இல்லை. மாப்பிள்ளைதான் முதலில் எழும்பினார். "உள்ளுக்குக் கொண்டு போவம்" என்று சொல்லி, பட்டுச் சட்டையோடு திரையின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். மறுபக்கத்தைச் சாச்சா பிடித்தார். பின்னால் ஒருவர் கணினிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் மாடிக்கு ஓடி மிச்சம் இருந்த வயர்த் துண்டைக் கொண்டுவந்து பொருத்தினேன். பொருத்துச் சரியாகப் பிடிக்கவில்லை, விட்டால் கழன்றது. ஆகவே அறை வாசலில், திரைச்சீலைக்கு இப்பால், சுவரைப் பார்த்தபடி குந்திக்கொண்டு அந்தப் பொருத்தை இரண்டு விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். உள்ளே நடந்த எதையும் நான் பார்க்கவில்லை. கேட்டேன்.

கணினியைத் தொடுக்கும் சத்தம். பெண்களின் குசுகுசுப்பு. பிறகு சவூதியிலிருந்து காக்காவின் குரல், கொஞ்சம் கரகரத்து, "தங்கச்சி" என்றது.

ஐந்து ஆண்டுகள் அவரோடு வேலை செய்திருக்கிறேன். அந்தச் சொல்லால் அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. ஊர் முழுவதற்கும் அவர் ராத்தா. என் விரல்கள் மரத்துப்போயிருந்தன, அசைக்கப் பயந்தேன். பிறகு, எனக்குப் பழக்கமே இல்லாத ஒரு சின்னப் பெண்ணின் குரலில், ராத்தா பதில் சொன்னார்.

"காக்கா, இஞ்ச பாருங்க, எனக்குக் கை எப்பிடிச் சிவந்திரிக்கி எண்டு."